எந்த வருடத்திலிருந்து தொடங்குவது? – இரண்டு உக்ரைன் நாவல்களை முன்வைத்து

1

ஒரு போரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போது நாம் எல்லோரும் முதலில் ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். உக்ரைன் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 பிப்ரவரி 24 என்று தொடங்கினால் ரஷ்யா படையெடுத்தது, அவ்வளவுதான். 2014 என்று தொடங்கினால் மைதான் போராட்டம், அதிபர் யானுகோவிச் தப்பியோடியது, கிரைமியா பறிபோனது, டான்பாஸில் சண்டை என்று கதை நீளும். 2008 என்றால் புக்கரெஸ்டில் கூடிய நேட்டோ மாநாடு. உக்ரைனும் ஜார்ஜியாவும் உறுப்பு நாடுகளாகும் என்று அங்கே அறிவித்தார்கள், ஆனால் எப்போது என்று சொல்லவில்லை. இன்னும் பின்னால் போய் 1994 என்றால் புடாபெஸ்ட். தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை உக்ரைன் கைவிட, அதன் எல்லைகளை மதிப்போம் என்று ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தன. 1991 டிசம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சுதந்திர உக்ரைனுக்கு வாக்களித்தார்கள். ரஷ்ய மொழி பேசுபவர்கள் அதிகமுள்ள டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க் மாநிலங்களிலேயே 80 சதவீதத்தைத் தாண்டியது. 1954இல் குருஷ்சேவ் காலத்தில் கிரைமியா உக்ரைனோடு இணைக்கப்பட்டது. 2021 ஜூலையில் புதின் வெளியிட்ட நீண்ட கட்டுரையோ இதெல்லாம் போதாது என்று ஆயிரம் வருடம் பின்னால் போய், ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஒரே மக்கள் என்று சாதித்தது.

தேர்ந்தெடுக்கிற வருடத்திலேயே யார் குற்றவாளி என்கிற முடிவும் ஒளிந்திருக்கிறது. ஃபேஸ்புக்கில் ஒருவர் 'இந்தப் போரின் உண்மையான பின்னணி' என்று பதிவு போட்டால் முதல் வரியில் உள்ள வருடத்தை மட்டும் பாருங்கள். மிச்சத்தைப் படிக்காமலே சொல்லிவிடலாம்.

நான் பொறியியலாளன். என் வேலையில் ஒரு இயந்திரம் பழுதானால் அறிக்கை எழுத வேண்டும். அதில் இரண்டு தனித்தனிக் கட்டங்கள் இருக்கும்: பழுதுக்கு இடம் கொடுத்த சூழல்கள் ஒன்றில், பழுதை உண்டாக்கிய செயல் இன்னொன்றில். எண்ணெய் குறைவாக இருந்தது, அறை சூடாக இருந்தது என்பவை சூழல். பாதுகாப்புப் பூட்டைக் கழற்றிவிட்டு பொத்தானை அழுத்தியது செயல். முதல் கட்டத்தை எவ்வளவு நீளமாக நிரப்பினாலும் இரண்டாவதைக் காலியாக விட்டால் அறிக்கை திரும்பி வந்துவிடும். நேட்டோ விரிவாக்கம், மைதானுக்குப் பிறகு கீவில் வந்த அரசின் அவசரங்கள், மொழிச் சட்டங்கள், 2014லும் 2015லும் கையெழுத்தாகி யாருமே முழுதாக நிறைவேற்றாத மின்ஸ்க் ஒப்பந்தங்கள் எல்லாம் சூழல் என்கிற கட்டத்தில் கண்டிப்பாக எழுதப்பட வேண்டியவை. ஆனால் எல்லையைத் தாண்டச் சொல்லி ஒரு தலைநகரத்தில் ஒருவர் போட்ட உத்தரவு இரண்டாவது கட்டத்தில் வருகிறது. அதைச் சூழலுக்குள் கரைக்க முடியாது.

இந்த வாதத்தை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். இது அரசியல் கட்டுரை இல்லை. கடந்த ஒரு வருடத்தில் ஆங்கிலம் வழியாக நான் வாசித்த இரண்டு உக்ரைன் நாவல்களைப் பற்றியது. இரண்டுமே 2022க்கு முன்பு எழுதப்பட்டவை. இரண்டும் டான்பாஸில் நடப்பவை. உலகம் 'போர் தொடங்கிவிட்டது' என்று அலறுவதற்கு முன்பே அங்கே எட்டு வருடமாகப் போர் நடந்துகொண்டிருந்தது, ஐ.நா. கணக்குப்படி ஏறக்குறைய 14,000 பேர் இறந்திருந்தார்கள் என்பதை எனக்குப் புள்ளிவிவரமாக இல்லாமல் குளிராகவும் பசியாகவும் புரியவைத்தவை இவைதான்.

2

முதலாவது, அந்திரேய் குர்கோவ் எழுதி 2018இல் வந்த 'சாம்பல் தேனீக்கள்'. போரிஸ் திரால்யுக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது.

உக்ரைன் ராணுவத்துக்கும் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகளுக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நிலத்துண்டு இருந்தது. அதற்கு 'சாம்பல் மண்டலம்' என்று பெயர். அங்கே ஒரு சின்ன கிராமம். எல்லோரும் ஓடிவிட்டார்கள். மிச்சமிருப்பது இரண்டே பேர். ஒருவன் செர்கெய் செர்கெயிச். 49 வயது. நிலக்கரிச் சுரங்கத்தில் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்து, நுரையீரலில் தூசி படிந்து, சீக்கிரமே ஓய்வூதியத்துக்கு வந்தவன். மனைவியும் மகளும் விட்டுப் போய்விட்டார்கள். அவனிடம் இருப்பது ஆறு தேனீக் கூடுகள். இன்னொருவன் பாஷ்கா, பள்ளிக்கூட நாட்களிலிருந்தே இவனுக்கு ஆகாதவன். ஊரில் இருப்பது மொத்தமே சில தெருக்கள். செர்கெயிச் இருப்பது லெனின் தெரு. பாஷ்கா இருப்பது ஷெவ்சென்கோ தெரு.

மூன்று வருடமாக மின்சாரம் கிடையாது. கடை கிடையாது. தபால் கிடையாது. பாஷ்காவுக்குப் பிரிவினைவாதிகள் பக்கம் தொடர்பு இருப்பதால் அவ்வப்போது ரொட்டி கிடைக்கிறது. செர்கெயிச்சைப் பார்க்க எப்போதாவது பெட்ரோ என்கிற உக்ரைன் சிப்பாய் வந்து போகிறான். இரண்டு எதிரிகளும் வேறு வழியில்லாமல் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். இதுதான் நாவலின் முதல் பாதி. அதாவது, எதுவுமே நடக்கவில்லை. ஆனால் பக்கங்கள் நகர்கின்றன.

ஒரு இடம். செர்கெயிச் ஒரு இரவில் போய் இரண்டு தெருக்களின் பெயர்ப் பலகைகளையும் மாற்றி வைத்துவிடுகிறான். லெனின் தெருக்காரன் ஷெவ்சென்கோ தெருக்காரன் ஆகிவிடுகிறான். ஷெவ்சென்கோ பண்ணையடிமையாகப் பிறந்து உக்ரைனின் தேசியக் கவியானவர். லெனினைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. குர்கோவ் இதை எந்தச் சத்தமும் இல்லாமல் ஒரு கிழவனின் குறும்பு மாதிரி எழுதிப் போகிறார். ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த மொத்தப் போரும், ஒரு வகையில், அந்த நிலத்தில் எந்தப் பலகையை ஆணியடிப்பது என்பதைப் பற்றியதுதான். இரண்டே பேர் மிஞ்சிய ஊரில், தபால்காரனே வராத தெருவில், பெயரை மாற்றுவதால் என்ன ஆகிவிடப் போகிறது? ஒன்றும் ஆகாது. இருந்தாலும் அவனுக்கு அது தேவைப்படுகிறது.

இன்னொரு இடம். தூரத்தில் பனியில் ஒரு சிப்பாயின் உடல் கிடக்கிறது. எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று தெரியவில்லை. யாரும் எடுத்துப்போக வரவில்லை. நாள்கணக்கில் பார்த்துப் பார்த்து, ஒருநாள் இரவு செர்கெயிச் ஊர்ந்து போய் அந்த உடலைப் பனியால் மூடிவிட்டு வருகிறான். புதைப்பதற்கு வழியில்லை. மூடத்தான் முடிகிறது. இவ்வளவு காலம் சுரங்கத்தில் மற்றவர்களின் உயிருக்கு எது ஆபத்து என்று குறித்துக்கொண்டு திரிந்த ஒரு பாதுகாப்பு ஆய்வாளன் அதைச் செய்வதுதான் சரி என்று எனக்குப் பட்டது. தொழில் ஒரு மனிதனின் கைகளுக்குள் எப்படி ஊறிப்போயிருக்கும் என்று குர்கோவுக்குத் தெரிந்திருக்கிறது.

வசந்தம் வந்ததும் தேனீக்கள் வெடிச்சத்தத்தில் வாழ முடியாது என்று அவற்றை ஏற்றிக்கொண்டு பழைய காரில் தெற்கே கிளம்புகிறான். உக்ரைன் பகுதிக்குள் போனால் டான்பாஸ்காரன் என்று சந்தேகப்படுகிறார்கள். போரிலிருந்து திரும்பி மனம் சிதைந்த ஒருவன் கார் கண்ணாடிகளை உடைத்துவிடுகிறான். அங்கிருந்து கிரைமியா போகிறான். முன்பு ஒரு தேனீ வளர்ப்போர் மாநாட்டில் பழகிய அக்தெம் என்கிற தாத்தார் நண்பனைத் தேடிப் போகிறான். அக்தெம் வீட்டில் இல்லை. கூட்டிப் போனார்கள், திரும்பி வரவில்லை.

குறைகளும் உண்டு. செர்கெயிச்சின் வெகுளித்தனம் சில இடங்களில் ஆசிரியருக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. எதைக் கேட்டாலும் அவனுக்குத் தெரியாது, எதிலும் அவனுக்குக் கருத்து இல்லை. நாற்பத்தொன்பது வருடம் அந்த மண்ணில் வாழ்ந்தவனுக்கு அரசியல் இல்லாமலா இருந்திருக்கும்? பெண்கள் பெரும்பாலும் சாப்பாடு போடவும் படுக்கை விரிக்கவும்தான் வருகிறார்கள். தெற்கே காலியாவின் வீட்டுப் பகுதி ரொம்ப இழுவை. அதோடு, சாம்பல் மண்டலத்தின் தனிமை சில பக்கங்களில் ஒரு துறவியின் ஆசிரமம் மாதிரி அழகாகிவிடுகிறது. குண்டு எங்கிருந்து விழுகிறது என்கிற கேள்வி அந்த அழகில் மங்கிப்போகிறது.

3

கிரைமியா அத்தியாயங்களில் நான் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டேன். காரணம் செக்காவ்.

நமக்கு யால்டா தெரியும். 'நாய்க்காரச் சீமாட்டி' வழியாகத் தெரியும். கடற்கரை, விடுமுறைக்கு வந்தவர்கள், ஒரு கள்ள உறவின் சோகம். செவஸ்தோபோல் தெரியும். இளம் டால்ஸ்டாய் அங்கே பீரங்கிப் படையில் இருந்து எழுதிய கதைகள் வழியாக. நம் அப்பாக்கள், தாத்தாக்கள் வீட்டு அலமாரிகளில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழில் அச்சடித்து அனுப்பிய புத்தகங்கள் இருந்தன. கெட்டி அட்டை, நல்ல தாள், அநியாயத்துக்கு மலிவான விலை. தமிழ் இலக்கிய வாசகன் ஒருவன் உருவாகும்போது அவனுடைய ரத்தத்தில் பாதி ரஷ்யாவாக இருப்பதற்கு இது ஒரு காரணம். இன்றும் யாராவது 'எங்கிருந்து வாசிக்க ஆரம்பிக்கட்டும்?' என்று கேட்டால் தஸ்தயேவ்ஸ்கி என்று கை தானாக நீள்கிறது.

ஆனால் கிரைமியாவின் பூர்வகுடிகள் தாத்தார்கள். 1783இல் கேத்தரின் பேரரசி அந்த நிலத்தைத் தன் பேரரசோடு இணைத்தார். 1944 மே மாதத்தில் ஸ்டாலினின் உத்தரவில் கிட்டத்தட்ட 2 லட்சம் தாத்தார்களைச் சில நாட்களுக்குள் ரயில் பெட்டிகளில் அடைத்து மத்திய ஆசியாவுக்கு அனுப்பினார்கள். திரும்பிவர அவர்களுக்கு நாற்பது வருடங்களுக்கும் மேலானது. யால்டாவின் கடற்கரையில் நாய்க்குட்டியோடு நடக்கும் சீமாட்டியைப் பார்த்த நம் கண்ணுக்கு இவர்கள் தட்டுப்படவே இல்லை. கதை அப்படி நம்மை நிறுத்தி வைத்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அவர்கள் தெரிய மாட்டார்கள். செக்காவ் மோசமான எழுத்தாளர் என்று நான் சொல்லவில்லை. எந்த மாபெரும் எழுத்தாளனும் எங்கேயோ நின்றுகொண்டுதான் எழுதுகிறான், நாமும் அங்கேயே நின்று பார்த்துப் பழகிவிடுகிறோம் என்கிறேன்.

குர்கோவ் அதே நிலத்துக்கு அக்தெமின் வீட்டு வாசல் வழியாக நம்மைக் கூட்டிப் போகிறார். அக்தெமின் மனைவி ஐசிலு, பிள்ளைகள், மலைச்சரிவில் தேன் கூடுகள். ரஷ்யப் பாதுகாப்புத் துறை ஆட்கள் செர்கெயிச்சின் ஒரு கூட்டைச் சோதனை என்று எடுத்துப்போய்த் திருப்பித் தருகிறார்கள். அதற்குப் பிறகு அந்தக் கூட்டின் தேனீக்கள் அவன் கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரிகின்றன. நாவலின் தலைப்பு அங்கிருந்து வருகிறது. அதுவரை 'எனக்கெதுக்கு வம்பு' என்றிருந்தவன் முதன்முறையாகப் பயப்படுவது அங்கேதான்.

கோகோலும் இங்கே வருகிறார். பொல்டாவா பகுதியில் பிறந்த உக்ரைன்காரர். 'தாராஸ் புல்பா'வை முதலில் 1835இல் எழுதினார், 1842இல் விரித்து எழுதினார். இரண்டாவது வடிவத்தில்தான் ரஷ்யப் பெருமிதம் தூக்கலாகியது. ஒரு எழுத்தாளன் பேரரசின் மொழிக்குள் போகும்போது தன் மண்ணையும் எப்படித் திருத்திக்கொள்கிறான் என்பதற்கு அந்த இரண்டு வடிவங்களே சாட்சி. இன்று உக்ரைனில் புஷ்கின் சிலைகளை இறக்குவதைப் பார்த்து நம் இலக்கிய நண்பர்கள் சிலர் கொதித்தார்கள். 'இலக்கியத்து மேல ஏன் கோபம்?' சிலையை இறக்குவதை நானும் கொண்டாட மாட்டேன். ஆனால் ஒரு ஊரில் சிலை வைக்கப்பட்டதற்கும் ஓர் அரசியல் இருந்தது என்பதைப் பார்க்காமல் இறக்குவதில் மட்டும் அரசியலைப் பார்ப்பது, மறுபடியும், வருடத்தைத் தேர்ந்தெடுக்கிற வேலைதான்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. குர்கோவ் ரஷ்யாவில் பிறந்தவர், கீவில் வளர்ந்தவர், தன் நாவல்களை ரஷ்ய மொழியில் எழுதுபவர். உக்ரைனின் பென் அமைப்புக்குத் தலைவராக இருந்தவர். ரஷ்ய மொழி பேசுபவர்களைக் காப்பாற்றத்தான் படையெடுத்தோம் என்று மாஸ்கோ சொன்னது. ரஷ்ய மொழியில் எழுதும் இந்த மனிதரை யாரும் கேட்கவில்லை. அதேசமயம், ரஷ்ய மொழியில் எழுதுவது உக்ரைன் இலக்கியமா என்கிற கேள்வி அவருடைய சொந்த நாட்டிலும் எழுந்தபடி இருக்கிறது. மலேசியாவில் இருந்து வாசிக்கும்போது இந்த இடம் சுருக்கென்று தைக்கிறது. இங்கே மலாய் மொழியில் எழுதப்பட்டால் மட்டும் தேசிய இலக்கியம். தமிழிலும் சீனத்திலும் எழுதப்படுவதற்கு வேறு பெயர், 'சுக்குவான்' இலக்கியம். ஒரு நாட்டின் இலக்கியத்தை அதன் மொழி தீர்மானிக்கிறதா, நிலம் தீர்மானிக்கிறதா என்று நாம் அறுபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். குர்கோவ் அதே கேள்வியைக் குண்டுச் சத்தத்துக்கு நடுவில் கேட்க வேண்டியிருக்கிறது.

4

இரண்டாவது நாவல், செர்ஹீய் ஜதான் உக்ரைன் மொழியில் எழுதி 2017இல் வந்த 'இன்டர்நாட்'. ஆங்கிலத்தில் 'அநாதை இல்லம்' என்கிற பொருளில் தலைப்பு வைத்திருக்கிறார்கள். மூலத் தலைப்புக்கு விடுதிப் பள்ளி என்றும் பொருள் உண்டு. ஜதான் லுஹான்ஸ்க் மாநிலத்தில் பிறந்தவர், கவிஞர், ராக் பாடகர். 2024இல் ராணுவத்திலும் சேர்ந்தார்.

கதை எளிமையானது. 2015 ஜனவரி. பாஷா என்கிற 35 வயது பள்ளி ஆசிரியர். முற்றுகையில் சிக்கிய பக்கத்து நகரத்தின் விடுதியிலிருந்து சகோதரியின் மகன் சாஷாவைக் கூட்டிவர வேண்டும். போக வர மூன்று நாள். அவ்வளவுதான் நாவல். நகரத்தின் பெயர் சொல்லப்படுவதில்லை. தெபால்ட்சேவ் என்று எல்லோருக்கும் தெரியும். எந்தப் படை எந்த நாட்டுடையது என்று பெயர் சொல்லி அழைப்பதையும் ஜதான் பெரும்பாலும் தவிர்க்கிறார். ஈரமான உடை, டீசல் வாடை, தெருநாய்கள், நிலவறையில் நெருக்கியடித்து நிற்கும் கிழவிகள். யார் நம்ம ஆள், யார் அவங்க ஆள் என்று பாஷாவுக்கும் தெரிவதில்லை, நமக்கும் தெரிவதில்லை.

பாஷா பள்ளியில் கற்பிப்பது உக்ரைன் மொழி. ஆனால் வகுப்பை விட்டு வெளியே வந்தால் பேசுவது ரஷ்ய மொழி. செய்தி பார்ப்பதில்லை. யாராவது அரசியல் பேசினால், 'நான் வெறும் வாத்தியார்' என்று நழுவிவிடுவான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. நம்மில் பாதிப் பேர் அவன்தான். பக்கத்து ஊர் எரிகிறவரை அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். விடுதியில் குழந்தைகளோடு மாட்டிக்கொண்ட இயக்குநர் நினா அவனைப் பிடித்து உலுக்கும் காட்சி நாவலின் மையம். நீங்கள் எந்தப் பக்கமும் நிற்காமல் இருந்தீர்கள், அதனால்தான் இந்தப் பிள்ளைகள் இங்கே நிற்கிறார்கள் என்கிற பொருளில் அவள் பேசுகிறாள். கடைசிப் பகுதியில் கதை சொல்லும் குரல் பாஷாவிடமிருந்து சிறுவன் சாஷாவுக்கு மாறுகிறது. இதுவரை நாம் யார் தோளில் உட்கார்ந்து பார்த்தோமோ அவனையே ஒரு சிறுவன் வெளியிலிருந்து பார்க்கிறான். இந்த ஒரு மாற்றத்துக்காகவே நாவலை முழுதாக வாசிக்கலாம்.

குறை சொல்ல வேண்டுமென்றால், ஜதானுக்குள் இருக்கும் கவிஞன் சும்மா இருக்க மாட்டேன் என்கிறான். பனிமூட்டத்துக்கு மட்டும் எத்தனை உவமை! ஒரு பக்கத்தில் மூன்று உவமை வரும்போது எனக்கு மூச்சு முட்டியது. நினாவின் பேச்சும் கொஞ்சம் நேரடிப் பிரசங்கம்தான். ஆனால் குர்கோவ் தவிர்த்துவிட்டுப் போன கேள்வியை ஜதான் நேருக்கு நேர் கேட்கிறார். செர்கெயிச்சின் நடுநிலையைக் குர்கோவ் நேசிக்கிறார். பாஷாவின் நடுநிலையை ஜதான் விசாரிக்கிறார். என்னைக் கேட்டால், நாவல் என்கிற அளவில் குர்கோவினுடையது முழுமையானது. எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது ஜதானுடையது.

5

ஏன் கெடுத்தது என்றால், பாஷாவின் குரலை நான் இங்கே மாமாக் கடைகளில் தினமும் கேட்கிறேன். 'அது வெள்ளக்காரன் சண்டை, நமக்கு என்னடா?'

நாடுகள் எப்படி நடந்துகொண்டன என்று முதலில் பார்ப்போம். 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் ரஷ்யா வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்துக்கு 141 நாடுகள் ஆதரவு, 5 எதிர்ப்பு, 35 நடுநிலை. மலேசியாவும் சிங்கப்பூரும் ஆதரித்தன. இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா, இலங்கை வாக்களிக்காமல் ஒதுங்கின. சிங்கப்பூர் ஒருபடி மேலே போய்ச் சொந்தமாகத் தடைகள் விதித்தது. பெரிய நாடு சின்ன நாட்டை விழுங்குவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க ஒரு சின்னத் தீவால் முடியாது என்பது அதன் கணக்கு. ஐ.நா. விதிக்காத தடைகளை ஏற்பதில்லை என்பது மலேசியாவின் கணக்கு. இந்தியாவுக்கு மலிவு எண்ணெய். மூன்று வருடம் கழித்து 2025 பிப்ரவரியில் அதேபோன்ற ஒரு தீர்மானத்துக்கு ஆதரவு 93ஆகக் குறைந்தது. அமெரிக்காவே ரஷ்யாவோடு சேர்ந்து எதிர்த்து வாக்களித்தது. இதைக் கொள்கை என்று சொல்வதைவிடக் கணக்கு என்பதே பொருத்தம். 2022 ஜூனில் தீவன விலை ஏறி, மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தி, சிங்கப்பூரில் சிக்கன் ரைஸ் கடைக்காரர்கள் கையைப் பிசைந்ததற்குள்ளும் உக்ரைனின் தானியம் இருந்தது. வெள்ளக்காரன் சண்டை நம் தட்டு வரைக்கும் வந்துதான் போனது.

அதற்கும் முன்பே வந்துவிட்டது. 2014 ஜூலை 17. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்.எச்.17 விமானம் டான்பாஸின் வானத்தில் ஏவுகணையால் உடைக்கப்பட்டது. 298 பேர். அதில் 43 பேர் மலேசியர்கள். விழுந்த இடம் சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே ஹிராபோவே என்கிற கிராமம். செர்கெயிச்சின் கற்பனைக் கிராமமும் அந்த டான்பாஸில்தான் இருக்கிறது. 2015 ஜூலையில் ஒரு சர்வதேசத் தீர்ப்பாயம் அமைக்கக் கேட்டு மலேசியா பாதுகாப்பு சபையில் தீர்மானம் கொண்டுவந்தது. ரஷ்யா வீட்டோ போட்டது. 2018இல் கூட்டு விசாரணைக் குழு, அந்த ஏவுகணை அமைப்பு ரஷ்யாவின் கூர்ஸ்க்கில் உள்ள 53வது வான்பாதுகாப்புப் படைப்பிரிவுக்குச் சொந்தமானது என்றது. 2019இல் அப்போதைய நம் பிரதமர் மகாதீர் அதில் ஆதாரமில்லை, எல்லாம் அரசியல் என்றார். 2022 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் அருகே நடந்த வழக்கில் நெதர்லாந்து நீதிமன்றம் மூன்று பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. மூவரும் நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. 2025 மே மாதம் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் அவை ரஷ்யாவே பொறுப்பு என்று முடிவு சொன்னது. அதே வாரம் நம் பிரதமர் அன்வார் மாஸ்கோவில் இருந்தார்.

அரசுகளை நான் புரிந்துகொள்கிறேன். உரம் வேண்டும், கோதுமை வேண்டும், வியாபாரம் வேண்டும். அரசின் நடுநிலைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் வாசகனின் நடுநிலைக்கு என்ன காரணம்? நாம் யாரும் புதினிடம் எண்ணெய் வாங்கவில்லையே.

இதற்கு இளம் நண்பர்கள் சொல்லும் பதில் இரண்டு. ஒன்று, காஸா. உக்ரைனுக்காகக் கண்ணீர் விட்ட ஐரோப்பா காஸாவுக்கு ஏன் வாயை மூடிக்கொண்டது? நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியது பெர்லினிடமும் வாஷிங்டனிடமும். ஐசிலுவிடம் இல்லை. ஒருவன் இரண்டு தராசு வைத்திருக்கிறான் என்பதற்காக நாமும் இரண்டாவது தராசு ஒன்று வாங்கிக்கொள்வது நியாயம் ஆகாது.

இரண்டாவது பதில் இன்னும் ஆழமானது, அதனால் கவனமாகச் சொல்ல வேண்டும். ஈழத்தின் மேல் குண்டு போட்ட மிக்-27 விமானங்கள் உக்ரைனிலிருந்து வாங்கப்பட்டவை. அதனால் 'அவன் நமக்கு அழுதானா?' என்கிறார்கள். விமானம் உண்மை. ஆனால் 2009 மே 27 அன்று ஐ.நா. மனித உரிமை அவையில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் நிறைவேறியபோது ஆதரித்த 29 நாடுகளைப் பாருங்கள். ரஷ்யா இருக்கிறது. சீனா, இந்தியா, கியூபா இருக்கின்றன. மலேசியாவும் இருக்கிறது. உக்ரைன் ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. அரசுகளின் வாக்கை வைத்து மக்களின் துயரத்துக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தால் நாம் யாருக்காகவும் அழ முடியாது. மலேசியத் தமிழனுக்காகவும் யாழ்ப்பாணத்தில் ஒருவர் அழ முடியாது. 2009இல் உலகம் 'பின்னணி சிக்கலானது' என்று சொல்லித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த வாக்கியத்தின் எடை நமக்குத் தெரியும். அதை இன்னொருவரிடம் நாம் சொல்லலாமா என்பதுதான் என் கேள்வி.

6

வொலொடிமிர் வகுலென்கோ என்று ஒரு குழந்தை எழுத்தாளர். இசியூம் நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 2022இல் ரஷ்யப் படை ஊரைப் பிடித்தபோது ஆட்டிசம் உள்ள மகனோடு அங்கேயே இருந்தார். நாட்குறிப்பு எழுதினார். பிடித்துப் போகப்படலாம் என்று தெரிந்ததும் அதைத் தோட்டத்தில் செர்ரி மரத்தடியில் புதைத்துவைத்தார். மார்ச் மாதம் அவரைப் பிடித்துப் போனார்கள். பிறகு கொல்லப்பட்டார் என்பது உறுதியானது. ஊர் மீட்கப்பட்ட பிறகு நாவலாசிரியை விக்டோரியா அமெலினா அங்கே போய் மண்ணைத் தோண்டி அந்த நாட்குறிப்பைக் கண்டெடுத்தார். அது 2023இல் புத்தகமாக வந்தது. அந்த ஜூன் கடைசியில் கிரமடோர்ஸ்க் நகரத்தில் ஒரு உணவகத்தின் மேல் ஏவுகணை விழுந்தது. உள்ளே இருந்த அமெலினா சில நாட்களில் இறந்துபோனார். 37 வயது. போரில் பெண்களைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகம் பாதியில் நின்று, அப்படியே 2025இல் வெளியானது. முடிக்கப்படாத அத்தியாயங்கள் குறிப்புகளாகவே அச்சாகியிருக்கின்றன.

1930களில் ஸ்டாலின் காலத்தில் உக்ரைன் மொழி எழுத்தாளர்களில் ஒரு தலைமுறையே சுடப்பட்டது. நாம் கோர்க்கியையும் ஷோலகோவையும் தமிழில் வாசித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. மாஸ்கோவிலிருந்து வந்த கப்பலில் அவர்களுக்கு இடமில்லை. அது நம் குற்றம் இல்லை. ஆனால் இப்போது நமக்கு மாஸ்கோவின் கப்பல் தேவையில்லை.

ரஷ்ய இலக்கியத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. டால்ஸ்டாய் கடைசிக் காலத்தில் எழுதிய 'ஹாஜி முராத்' தன் பேரரசுக்கு எதிராகவே ஒரு பெரிய ரஷ்ய எழுத்தாளன் நிற்க முடியும் என்று காட்டியது. அதன் பக்கத்தில் குர்கோவையும் ஜதானையும் வையுங்கள் என்கிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் 'சாம்பல் தேனீக்கள்' வாசித்துவிட்டு 'இன்டர்நாட்'டுக்குப் போவது நல்லது. முதலாவது மெல்ல உள்ளே இழுக்கும், இரண்டாவது சட்டையைப் பிடிக்கும். நம்மில் மொழிபெயர்க்கத் தெரிந்த யாராவது முழு நாவலுக்கு மலைத்தால், கிரைமியா அத்தியாயங்களை மட்டுமாவது தமிழுக்குக் கொண்டுவாருங்கள். 'நாய்க்காரச் சீமாட்டி'யைப் படித்த அதே தமிழில் அக்தெமின் வீட்டையும் படிக்க வேண்டும்.